கைக்குட்டைக்குள் இருந்த பம்பு

போன வருஷம் மழைக்காலத்தில், பேராதனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. என் மருமகளுக்கு அப்போது எட்டு மாதம். காலையில் தலை வெடிக்கிறது, கண் மங்குகிறது என்றாள். மகன் கலகெதரவுக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்பிட்டியவிலிருந்து நானே அவளை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன்.

பிரஷரைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறிவிட்டது. உடனே குறைக்காவிட்டால் தாய்க்கு வலிப்பு வரலாம், பிள்ளைக்கும் ஆபத்து என்றார்கள். ஊசியோடு வந்த யாழ்ப்பாணத்து லேடி டொக்டர், போடாமல் ஒருதரம் நின்று கேட்டார்: "பிள்ளை, உமக்கு ஆஸ்துமா, இழுப்பு ஏதும் இருக்கோ?"

மருமகள் என்னைப் பார்த்தாள். "இல்லீங்க" என்றாள்.

எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "பிரஷர் ஊசிக்கும் இழுப்புக்கும் என்னங்க டொக்டர் சம்பந்தம்?" என்றேன்.

"இது பீட்டா புளொக்கர் அம்மா. பிரஷரைக் குறைக்கும். ஆனா இழுப்புக்காரருக்கு மூச்சுக்குழாயை இறுக்கிப்போடும். அதுதான் கேக்கிறன்."

வீட்டு ஏற்றத்தில் செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் மருமகள் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். குளியலறையில் 'புஸ்' என்று கேட்கும் சத்தமும் தெரியும். பெண் பார்க்கப் போன அன்று "நோய்நொடி ஏதும் இருக்கா?" என்று கேட்டவள் நான்தான். எங்கள் ஆட்களிடம் இழுப்பு என்று சொன்னால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று பெண் வீட்டார் ஒன்றுமில்லை என்றுவிட்டார்கள். கர்ப்பிணி கிளினிக்குக்கும் நான்தானே கூடப் போனேன், அங்கே மட்டும் எப்படிச் சொல்வாள்?

"இருக்குங்க டொக்டர். இழுப்புக்கு வாயில அடிக்கிற பம்பு அவ பேக்குலதான், கைக்குட்டையில சுத்தி வச்சிருக்கா" என்றேன்.

மருமகள் ஓவென்று அழுதாள். "அழாதம்மா. கல்யாணந்தான் முடிஞ்சிருச்சே, இனி யாரு ஒன்னைய திருப்பி அனுப்புறது?" என்றேன். நர்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

டொக்டர் அந்த ஊசியை ஒதுக்கிவிட்டு வேறு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பிரஷரைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். ஒரேயடியாக இறக்கினால் வயிற்றுப் பிள்ளைக்கு இரத்தம் போதாதாம். அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பேத்திக்கு இப்போது பல் முளைக்கிறது. பம்பு எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கிறது. டொக்டர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். உயிர் போகிற நேரத்திலும் பதிலுக்காக மருமகள் என் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பயத்துக்கு மருந்து என்னிடம்தான் இருந்தது என்று அந்தப் பம்பைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.