அப்பாவின் பதவி பறிபோன ஞாயிற்றுக்கிழமை

இப்போதெல்லாம் டிவியில் யாராவது ‘இம்பீச்மென்ட்’ என்று ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். கோட்டு போட்ட நிபுணர்கள் நாலு பேர் உட்கார்ந்து, அந்தக் காலத்தில் அப்படி நடந்தது, இந்தக் காலத்தில் இப்படி நடந்தது என்று வெளுத்து வாங்குவார்கள். கடைசியில் ஒருவர், அமெரிக்க வரலாற்றில் எந்த பிரெசிடென்ட்டையும் செனட் விசாரித்துப் பதவியிலிருந்து இறக்கியதே இல்லை என்று கையை விரிப்பார். செனட் இறக்கியதில்லை, சரி. நான் இறக்கியிருக்கிறேன். பத்து வயதில், நியூ ஜெர்சியில், ஒரே ஒரு கையால்.

இறக்கப்பட்டவர் என் அப்பா. அப்போது நாங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருந்தோம். சுற்றுவட்டாரத்தில் இருபத்து நான்கு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சங்கத்துக்கு அப்பாதான் பிரெசிடென்ட். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவர்தான், அதற்குச் சட்டதிட்டம் எழுதி டைப் அடித்தவரும் அவர்தான். வாரம் முழுக்க ஒரு மருந்துக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பார். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து, சங்க விழாவில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். நல்ல மனிதர்தான், மைக் அவரைக் கெடுத்துவிடும்.

அந்த வருஷப் பொங்கல் விழாவில் குழந்தைகள் நாடகம் ஒன்று இருந்தது. எழுதிப் பழக்கியவர் எதிர்வீட்டு ஆண்ட்டி. அவரை நாங்கள் நாடக ஆண்ட்டி என்றே சொல்வோம். மாட்டுப் பொங்கலன்றும் வண்டியில் பூட்ட வருகிற முதலாளியிடம், ‘இன்றைக்கு எனக்கு லீவு’ என்று ஸ்ட்ரைக் செய்கிற மாட்டின் கதை. நான் அந்த மாட்டின் முன்பாதி. பின்பாதி என் சிநேகிதி. பின்பாதிக்கு வசனம் கிடையாது, எனக்கு எட்டு வரி. அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண் நான். அந்த எட்டு வரித் தமிழை இரண்டு மாதம் உருப்போட்டேன். பல் தேய்க்கும்போது சொன்னேன், ஸ்கூல் பஸ்ஸில் சொன்னேன், தூக்கத்திலும் சொன்னதாக அம்மா சத்தியம் செய்கிறாள்.

விழா ஒரு ஸ்கூல் ஆடிட்டோரியத்தில் நடந்தது. ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்துவிட வேண்டும். அப்பாவின் உரைக்கு ஐந்து நிமிஷம், அதற்குப் பிறகு நாடகம் என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தது. அப்பா ஐந்து மணிக்கு மைக்கைப் பிடித்தார். உழவின் பெருமையில் ஆரம்பித்தார். ஐந்தரைக்குக் கடல் வாணிபத்துக்கு வந்தார். நாங்கள் திரைக்குப் பின்னால் அட்டைக் கொம்பும் பெட்ஷீட் தோலுமாக வேர்த்து வழிந்துகொண்டு நின்றோம். பின்பாதி பசி தாங்காமல் அழ, யாரோ பெட்ஷீட்டைத் தூக்கி அவளுக்கு வடை கொடுத்தார்கள். ஐந்து ஐம்பதுக்கு அப்பா, “இறுதியாக ஒன்றைச் சொல்லி...” என்றார். ஆறு மணிக்கு ஹால்காரர் விளக்கை அணைத்தார். மாடு மேடை ஏறவே இல்லை.

“அடுத்த வருஷம் போட்டுக்கலாம்டா கண்ணா,” என்றார் அப்பா காரில். அடுத்த வருஷமாம்! அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் ஹாலுக்கு வந்தால் நான் மாடிக்குப் போனேன், காரில் போகும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து வயதுப் பிடிவாதம் என்றால் சும்மாவா?

அதே வாரங்களில்தான் வாஷிங்டனில் நாட்டின் பிரெசிடென்ட்டை செனட் விசாரித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு டிவியில் காலையும் மாலையும் அதே பேச்சு. அவர் என்ன செய்தார் என்று டிவி சொல்லப்போகும்போதெல்லாம் அம்மா பாய்ந்து வந்து சத்தத்தை நிறுத்திவிடுவாள். எனவே எனக்குத் தெரிந்ததெல்லாம், அவர் ஏதோ பொய் சொன்னார், மாட்டிக்கொண்டார் என்பதுதான். எங்கள் பிரெசிடென்ட் ஐந்து நிமிஷம் என்று எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேசினாரே, அது மட்டும் பொய்யில்லையா என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு மட்டும் தோன்றவில்லை. சங்கத்தின் செக்ரட்டரியாக இருந்தவர் வக்கீல் அங்கிள். சென்னையில் கறுப்புக் கோட்டு போட்டவர், இங்கே வந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தார். டிவியைப் பார்த்துப் பார்த்து அவருக்குள் தூங்கிக்கிடந்த வக்கீல் எழுந்துவிட்டார். அப்பா எழுதிய சட்டதிட்டத்தைப் புரட்டி, மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் கை தூக்கினால் பிரெசிடென்ட்டை நீக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்தார். நாடக ஆண்ட்டி தீர்மானம் கொடுத்தார். தெருவில் என்னைப் பார்த்து, “உங்கப்பா எறங்கினார்னா ஏப்ரல்ல புத்தாண்டு ஃபங்ஷனுக்கு ஃபர்ஸ்ட் ஐட்டமே உன் மாடுதான்,” என்றார்.

“என்னை இம்பீச் பண்றாங்களாம்,” என்று அப்பா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

“பண்ணட்டும், நல்லாப் பண்ணட்டும்,” என்றாள் அம்மா.

அப்பா விடவில்லை. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிரெசிடென்ட் ஒரே ஓட்டில் தப்பித்த கதையை இட்லிக்கு நடுவில் சொன்னார். இன்னொருவர் ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே ராஜினாமா செய்த கதையையும் சொன்னார்.

“நீங்களும் அப்படிப் பண்ணிட வேண்டியதுதானே?”

“ராஜினாமா பண்ணா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“ஒத்துக்கத்தான் சொல்றேன்,” என்று அம்மா எழுந்துபோய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை வாஷிங்டன் பிரெசிடென்ட் தப்பித்துவிட்டார். அப்பா அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். ஞாயிறு மதியம் லைப்ரரியின் கீழ்த்தளத்து அறையில் கூட்டம். பொங்கலுக்கு வராதவர்கள்கூட அன்று வந்திருந்தார்கள், இருபத்து நான்கு குடும்பமும் ஆஜர். எந்தக் கூட்டத்துக்கும் பிரெசிடென்ட்தான் தலைமை என்று சட்டதிட்டம் சொன்னதால், தன் விசாரணைக்குத் தானே தலைமை தாங்கிக்கொண்டு அப்பா மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

நாடக ஆண்ட்டி அழாத குறையாகப் பேசினார். பிறகு அப்பா எழுந்து அந்த ஒரே ஓட்டுக் கதையைச் சபையிலும் எடுத்துவிட்டார். வக்கீல் அங்கிள் இதற்கென்றே படித்துவிட்டு வந்திருந்தார். “அவர் தப்பிச்சார் சார், வாஸ்தவம்தான். ஆனா அடுத்த எலெக்ஷன்ல அவருக்கு டிக்கெட் கெடைக்கலையே!” அறையே அதிர்ந்தது. அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஓட்டெடுப்பு. எங்கள் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. அமெரிக்க செனட்டில் இல்லாத சங்கடம் இது. புருஷன் கையைத் தூக்க, பெண்டாட்டி அதைப் பிடித்து இறக்க, நாற்காலிக்கு நாற்காலி ரகசியச் சண்டை. வேண்டியது பதினாறு. வக்கீல் அங்கிள் இரண்டு தடவை எண்ணினார். பதினைந்து!

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நாடக ஆண்ட்டியின் முகம் தொங்கிப்போய்விட்டது. என் மாடு செத்தது என்று நினைத்தேன்.

“ஒரு குடும்பம் இன்னும் ஓட்டே போடலை,” என்றார் வக்கீல் அங்கிள் எங்களைப் பார்த்து.

எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா என் பக்கம் குனிந்தாள். “நான் போட்டா வீட்ல சண்டை. அவர் போட்டா அநியாயம். மேடை ஏறாம நின்னது நீதானே, நீயே போடு.”

நான் எழுந்து நின்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அப்பாவை நேருக்கு நேர் பார்த்தேன். அவரும் கண்ணை எடுக்கவில்லை. கையைத் தூக்கினேன். பாதியில் வளைந்துவிடக் கூடாதே என்று இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு தூக்கினேன்.

அப்பா சிரித்தார். “பதினாறு. தீர்மானம் நிறைவேறியது,” என்றார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சின்னச் சொற்பொழிவு அதுதான். அறை முழுக்கக் கைதட்டல். பின்பாதி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், அவளுக்குப் பழகிய இடம் அது. நாட்டின் செனட்டால் முடியாததை இரண்டே நாள் கழித்து நான் செய்து காட்டிவிட்டேன்!

ஏப்ரலில் முதல் ஐட்டம் எங்கள் மாடுதான். எட்டு வரியையும் ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன். ‘வருஷம் பூரா உழைச்சவனுக்கு ஒரு நாள் கிடையாதா?’ என்று நான் முழங்கியபோது விசில் பறந்தது. அன்றைக்குத் திரை இழுக்கிற வேலை அப்பாவுக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு வரியையும் என்னோடு சேர்ந்து அவர் உதடு முணுமுணுத்ததைக் கொம்புக்கு நடுவிலிருந்து பார்த்தேன்.

போன வருஷம் அதே சங்கத்துக்கு என்னை செக்ரட்டரியாகப் போட்டார்கள். இப்போது குடும்பங்கள் பெருகிவிட்டன, பழைய சட்டதிட்டத்தைப் புதிதாக டைப் அடிக்கச் சொன்னார்கள். அப்பா அன்று டைப் அடித்த தாள்களைப் பிரித்தேன். இரண்டாம் பக்கத்தில், வக்கீல் அங்கிள் எட்டிப்பார்க்காத இடத்தில், ஒரு வரி இருந்தது. பதவியிலிருந்து நீக்கப்பட இருப்பவரின் குடும்பத்துக்கு அந்தத் தீர்மானத்தில் ஓட்டு இல்லை.

இரண்டு தடவை படித்தேன். என் ஓட்டு செல்லாது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பதினைந்தோடு ஜெயித்திருப்பார்.

உடனே அப்பாவுக்கு போன் செய்தேன். “இந்த ரூல் அன்னிக்கு உங்களுக்கு மறந்துபோச்சா?”

“நான் எழுதுன ரூல் எனக்கு மறக்குமா?” என்றார். பிறகு, மைக் இல்லாததாலோ என்னவோ, சுருக்கமாகவே முடித்தார். “மூணு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான்மா என் மூஞ்சியப் பார்த்தே. அப்பப் போய்க் கைய எறக்குன்னா சொல்லுவேன்?”

நான் கை தூக்கியபோது அப்பா ஏன் சிரித்தார் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. தோற்றுப்போனதை மறைக்கத்தான் சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கையை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கினேன்.