விரல் நீட்டும் லெஸ்டர்

உட்காருவதற்கு முன் விரலை நீட்டுகிறார் லெஸ்டர் போஹாச்சிக். உணவகத்தின் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொள்கிறது. தொப்பியிலிருந்து மழை சொட்டுகிறது. காப்பிக் குடுவையோடு பணிப்பெண் காத்து நிற்கிறாள். அவருடைய கண்கள் மேசை மேசையாக இடமிருந்து வலம் போய், முட்டை தின்றுகொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் நிற்கின்றன. விரலும் அங்கேயே நிற்கிறது. “அந்தாளுதான் மைக்,” என்கிறார். பிறகுதான் நாற்காலியை இழுக்கிறார்.

பெரியவர் தலை நிமிர்வதில்லை. இந்த ஊரில் லெஸ்டரிடம் மைக் ஆகாதவர்கள் குறைவு. பாதிரியார் பூசை நடுவே ஆகியிருக்கிறார். லெஸ்டரின் மாமியார், தன் கணவரின் சவ அடக்கத்தின்போது ஆகியிருக்கிறார்.

ஒஹாயோ ஆற்றங்கரையில், மூடிக்கிடக்கும் எஃகு ஆலைக்கு எதிரே இருக்கும் டயர் கடையில் அவருக்கு வேலை. சனிக்கிழமைகளில் எங்கள் ஊர் அணியின் சென்டர். நீளப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற எங்கள் கால்பந்தில், ஒவ்வொரு நகர்வும் சென்டர் குனிந்து கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பதில்தான் தொடங்கும். வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். எங்களுக்கு அது டேவியன் ப்ரூயட். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். லெஸ்டரின் இடது தோளை ஒட்டி நிற்கிற தடுப்பாட்டக்காரன் நான்.

லெஸ்டரின் கைகள் எப்போதும் ரப்பர் வாசனையும் தைல வாசனையும் கலந்து அடிக்கும். ஆட்ட நாளில் யாருக்கும் வலது கை கொடுக்கமாட்டார். “இது டேவியனோடது, திங்கக்கிழமை வந்து வாங்கிக்க,” என்பார். பந்தைப் பின்னால் கொடுப்பதற்கு முன், அதன் தையல் சற்று இடது பக்கம் சாயும்படி திருப்பி வைப்பார். டேவியனின் சுண்டுவிரல் ஒருமுறை ஒடிந்து, வளைந்தபடியே கூடிவிட்டது. தையல் அப்படி இருந்தால்தான் அந்த விரலுக்குப் பிடி கிடைக்கும். இப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

பந்து அசைவதற்கு முன்னால்தான் அவருடைய உண்மையான வேலை. எதிரணியினர் முன்னே வருவார்கள், பின்வாங்குவார்கள், பாயப்போவதுபோல் நடிப்பார்கள். அவர்களில் ஒருவனை நடுவாக வைத்து நாங்கள் எண்ணிக்கொள்ள வேண்டும். அவனுக்குத்தான் மைக் என்று பெயர், அவனுடைய தாய் வேறு பெயர் வைத்திருந்தாலும். லெஸ்டர் அவன் சட்டை எண்ணைக் கத்தி, விரலை நீட்டுவார். அவனிலிருந்து எண்ணி, முன்வரிசையில் இருக்கும் ஐந்து பேரும் ஆளுக்கு ஒருவனைப் பிடித்துக்கொள்வோம். எண்ணிக்கை பிசகினால் ஒருவன் தடையில்லாமல் ஓடிவந்து டேவியனை மண்ணில் அடிப்பான்.

பின்னால் நிற்கும் டேவியனுக்கு மைதானம் அகலமாகத் தெரியும். வேறு ஆள்தான் மைக் என்று அவருக்குப் பட்டால் எண்ணை மாற்றிக் கத்துவார். கடைசிச் சொல் அவருடையது. அதன் பிறகு லெஸ்டர் வாய் திறக்கமாட்டார். “தப்பா இருந்தாலும் எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணணும். ஆளாளுக்கு ஒரு சரியைப் பண்ணா டேவியன் செத்தான்,” என்பார்.

இருவருக்கும் சண்டையெல்லாம் ஞாயிறு காலை இதே உணவக மேசையில், மேசைமேல் இருக்கும் பாட்டில்களை எதிரணி ஆட்களாக நிறுத்திவைத்துக்கொண்டுதான்.

“இந்த கெச்சப் ஏன் இவ்ளோ முன்னால நிக்குது? பாயப்போறான்,” என்று லெஸ்டர் தொடங்குவார்.

“பாசாங்குடா கிழட்டுக் கரடி. பின்னால மிளகு டப்பாவைப் பாரு. அவன்தான் வருவான்.”

“மிளகு டப்பாவுக்கு முட்டி வலி. அவன் எங்க வர்றது?”

“போன தடவையும் இதான் சொன்ன. ஒரு வாரம் நான் குப்புறப் படுத்துத் தூங்குனேன்.”

“உன் பொண்டாட்டிக்கு நிம்மதியா இருந்திருக்கும்.”

செப்டம்பரில் ஒரு மோதலுக்குப் பிறகு லெஸ்டர் எழுந்து, நேராக நடந்து, எதிரணிக்காரர்கள் கூடி நின்ற வட்டத்துக்குள் போய்க் குனிந்து நின்றார். இரண்டு பக்கமும் சிரித்தோம். அவரும் சிரித்தார். எங்களைப் போன்ற அணிகளுக்கு மருத்துவர் கிடையாது. தலையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு திரும்ப வந்து ஆடினார்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, “ஐம்பத்தி நாலு! ஐம்பத்தி நாலு மைக்!” என்று கத்தினார். எதிரே ஐம்பத்து நான்கு என்று யாரும் இல்லை. அது முந்தைய வாரம் ஆடிய அணியின் ஆள். பின்னாலிருந்து டேவியன் ஒரு நொடிகூடத் தயங்காமல் அதே எண்ணைத் திருப்பிக் கத்தி, சரியான ஆளை நோக்கி விரலை நீட்டினார். ஏதோ சங்கேதம்போல அது கடந்துபோனது. ஆட்டம் முடிந்ததும் டேவியன் முன்வரிசையின் மற்ற நால்வரான எங்களைத் தனியே அழைத்தார்.

“இனிமே நம்பரைக் கேக்காதீங்க. என் விரலைப் பாருங்க. அவன்கிட்ட மூச்சு விடக்கூடாது.”

லெஸ்டர் எதிரணியைப் பார்த்தபடி குனிந்திருப்பவர். பின்னால் திரும்புகிறவர் அல்ல. அக்டோபர் முழுவதும் அவர் முன்னே விரல் நீட்டினார், நாங்கள் பின்னே திரும்பி வேறொரு விரலைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் நான். எதற்கும் ஒரு பெயர் சொல்லத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாங்கள் செய்ததற்குப் பெயர் கிடைக்கவில்லை. பரிவு என்று சொல்லிப் பார்த்தேன். அவர் தலை ஒவ்வொரு மோதலிலும் பின்னுக்குப் போய் வருவதைப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அந்தச் சொல் நிற்கவில்லை.

ஒரு பயிற்சி நாளில் லெஸ்டரின் மனைவி நோரீன், வாகனங்கள் நிற்கும் இடத்தில் டேவியனை மறித்தாள். நானும் அங்கே இருந்தேன்.

“வேலை விட்டு வர்ற வழியில போன் பண்றாரு. ஆலை வாசல்ல நிக்குறேன், இப்போ எந்தப் பக்கம் திரும்பணும்னு கேக்குறாரு. அந்தத் தெருவுல பொறந்த மனுசன். நெசத்தச் சொல்லு டேவியன், ஆட்டத்துல ஒழுங்கா இருக்காரா?”

“நல்லாத்தான் ஆடுறான், நோரீன்.”

“நீ சொன்னா நம்பிருவேன்.”

“சொல்லிட்டேன்ல.”



அந்தச் சனிக்கிழமை மழை. ஒரு நல்ல ஓட்டம் கிடைத்தால் ஜெயிக்கலாம் என்ற நிலை. லெஸ்டர் குனிந்து விரலை நீட்டினார்.

“அறுபத்தொண்ணு! அறுபத்தொண்ணு மைக்!”

எதிரே நின்றவன் சிரித்தான். “யாருய்யா அது அறுபத்தொண்ணு? உங்க தாத்தாவா?”

லெஸ்டரின் விரல் வலது பக்கம் நகர்ந்தது. இடது பக்கம் வந்தது. நிற்க இடம் கிடைக்காமல் அலைந்தது. பிறகு, நான் பார்த்தறியாத ஒன்றைச் செய்தார். தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அங்கே டேவியனின் விரல் வேறு பக்கம் நீண்டிருந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

டேவியன் கையைத் தாழ்த்தி, ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி நடுவரைக் கூப்பிட்டார்.

“எவ்ளோ நாளா?” என்று லெஸ்டர் கேட்டார். “என் கணக்க மாத்திக்கிட்டே இருந்திருக்க. எங்கிட்டச் சொல்லாம.”

“சொல்லாம மாத்தினது தப்புதான். இப்போ சொல்லியே மாத்துறேன், லெஸ். நீ வெளிய போ. நோரீனைக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்டப் போ.”

“எனக்கு ஒண்ணுமில்ல. நீ தப்பாப் பாக்குற.”

“இருக்கலாம். நான் தப்பாவே பாத்திருந்தாலும்…”

“எல்லாரும் ஒரே தப்பைப் பண்ணணும்,” என்று லெஸ்டர் முடித்துவைத்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். மழை அவருடைய வழுக்கையில் விழுந்தது.

டேவியன் என்னைப் பார்த்து, “நடுவுல வா,” என்றார். நான் லெஸ்டரின் காலடித் தடங்களிலேயே கால் வைத்துக் குனிந்தேன். எதிரே நின்றவர்கள் இப்போது சிரிக்கவில்லை. யாரை எண்ணுவது என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மைதானத்தின் எல்லைக் கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த லெஸ்டர் பாதியில் நின்றார். திரும்பி வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்தின் மேலிருந்த சேற்றைக் கட்டைவிரலால் வழித்தார். அதன் தையல் சற்று இடது பக்கம் சாயும்படி திருப்பி வைத்துவிட்டு எழுந்து போனார்.