ஒரே ஒரு சொல் பாக்கி

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முகூர்த்தப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வந்துவிடுவார்கள். உள்ளூர்க்காரன் என்பதால் துணைக்கு நான். போன மாதம் அக்கா, மகள் கல்யாணத்துக்காக வந்து, ஒரு அரக்குப் புடவைக்குக் கடை முழுவதையும் பிரித்துப் போட வைத்தாள். நான் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்து, பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவழியாகப் புடவை முடிவாகி எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒரே ஒரு சொல் பாக்கி. "ஒரு நிமிஷம்" என்றேன். வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. கடைக்காரர் ஃபேனை நிறுத்திவிட்டார். அதற்காகத் தோன்றியதை எழுதிவிட முடியுமா? பொருந்த வேண்டாமா?

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏதாவது ஒண்ணைப் போட்டு முடியேன்டா, எல்லாம் ஒண்ணுதானே!"

காலையிலிருந்து நான் அவளிடம் சொல்லத் துடித்து, மரியாதைக்காக விழுங்கிய அதே வார்த்தை.