தேங்காய் எண்ணெயில் ஓடிய கம்ப்யூட்டர்

கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் வேலை. காரைக்காலில் எங்கள் வீட்டு மாடி அறைதான் அலுவலகம். கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டும் காட்சிகளை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, உட்கார்ந்து பார்க்கும்படி ஆக்கித் தருவேன்.

அதற்கான கம்ப்யூட்டரை என் கணவர் துபாயிலிருந்து கம்பளிகளில் சுற்றிக் கொண்டுவந்தார். யாரோ ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது விற்றது. பக்கவாட்டில் கண்ணாடி. உள்ளே குழாய்களில் நீல நிறத் திரவம் ஓடும். மற்ற கம்ப்யூட்டர்களில் சூட்டைத் தணிக்கக் காற்றாடி இருக்குமில்லையா, இதில் அந்தத் திரவம்தான். கார் எஞ்சினில் நடப்பதைப் போல, சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போய், ஆறித் திரும்பி வரும்.

எங்கள் குடும்பங்களில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார். என் கணவரும் அப்படித்தான். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, அந்த வருடம்தான் ஊரோடு வந்திருந்தார். விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே அவருக்கு ஒரு பதவி. அவர் சொன்ன எதையும் என் உம்மா மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

ஐப்பசி வெயில் விட்டு விட்டு அடித்த ஒரு நாள், கம்ப்யூட்டருக்குள் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. நீலத் திரவம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. ஆன்லைனில் புதிதாக ஆர்டர் போட்டேன். வர ஒரு வாரம் ஆகும் என்றது. வரிச்சிக்குடியில் ஒரு விவசாயி வீட்டுக் கல்யாண வீடியோ கையில் இருந்தது. பொண்ணும் மாப்பிள்ளையும் சிங்கப்பூர் கிளம்புவதற்குள் கொடுத்தாக வேண்டும்.

“பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊத்திப் பாப்பமா மச்சான்?” என்றேன்.

“தண்ணி கசிஞ்சா போர்டே போயிரும் புள்ள. டிரான்ஸ்பார்மர்ல என்ன ஊத்துறான்? எண்ணெய். எண்ணெயில கரண்டு பாயாது. கசிஞ்சாலும் பயமில்ல.”

“எந்த எண்ணெய்?”

அவர் கீழே இறங்கிப் போனார். சமையலறையில் உம்மாவின் குரல் கேட்டது. “புது டின்னே இருக்கு மாப்புள, எடுத்துக்கிடுங்க.”

மிச்சமிருந்த நீலத்தை வடித்துவிட்டு தேங்காய் எண்ணெயை ஊற்றினார். பம்ப் முதலில் முனகியது, பிறகு ஓடியது. குழாய்களில் வெளிர் மஞ்சளாக எண்ணெய் நகர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வரை நான் வேலை பார்த்தேன். சூடு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல அறை மணத்தது. கணவர் உள்ளே வருவதும் போவதுமாக இருந்தார். பாராட்டுக்காகத்தான். நானும் பாராட்டினேன்.

கெடுத்தது உம்மாவின் அக்கறை. மாப்பிள்ளை செய்து வைத்ததற்குச் சூடு ஆகாது என்று, நாங்கள் படுக்கப் போனபின் மாடி அறை ஏசியை ரொம்பக் குளிராக வைத்துப் போட்டுவிட்டார்.

காலையில் பார்த்தால் குழாய்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. பூசணம் பிடித்துவிட்டது என்று பயந்து கணவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ஒறஞ்சிருச்சு,” என்றார்.

இத்தனை வருடம் துபாயில் எல்லாவற்றையும் குளிரவைத்தவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் சிங்கப்பூர் விமானம் என்பது ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தோம். திரவம் நகராததால் சில நிமிடங்களில் கொதித்து, தானே அணைந்துகொண்டது.

மொட்டை மாடி வெயிலில் வைக்கலாம் என்றால் அன்றைக்கென்று அடைமழை. கடைசியில் என் ஹேர் டிரையரை எடுத்து வந்தேன். ஒரு பக்கம் உருக்கினால் ரேடியேட்டர் பக்கம் கட்டியாகவே நின்றது. கணவர் டார்ச் அடித்துக் காட்ட, நான் சூட்டுக் காற்றை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் பொண்ணின் அப்பா, வரிச்சிக்குடிக்காரர், குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி அறை வாசலில் வந்து நின்றார்.

“ஏம்மா, மழையில நனைஞ்சிருச்சா?”

“இல்லைங்கய்யா. சூடாகக் கூடாதுன்னு எண்ணெய் ஊத்துனோம். அது ஒறஞ்சிருச்சு. அதான் சூடு பண்றோம்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதை யோசித்தார். பிறகு எழுந்து வந்து கையை நீட்டினார். “குடுங்க, நான் புடிக்கிறேன். நீங்க வேலையப் பாருங்க.”

கொஞ்ச நேரத்தில் எண்ணெய் அசைந்தது. பம்ப் ஓடியது. நான் கடைசிப் பகுதியைச் சேர்க்க ஆரம்பித்தேன். இனி வேண்டாம் என்று சொல்லியும் அவர் டிரையரை விடவில்லை; நிறுத்தினால் நின்றுவிடும் என்று திடமாக நம்பினார். கை வலித்தால் அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

திரையில் பொண்ணு மாப்பிள்ளையோடு காரில் ஏறும் காட்சி வந்தது. ஓரத்தில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அவர் அழுதுகொண்டிருந்தார். கேமரா தன் பக்கம் திரும்பியது அப்போது அவருக்குத் தெரிந்திருக்காது.

“அத எடுத்துருங்கம்மா,” என்றார்.

நான் வெட்டப் போனேன்.

“இல்ல, இருக்கட்டும். அங்க போயி பாக்கட்டும்.” டிரையரைக் கை மாற்றிக்கொண்டு, “ஆனா சுருக்கமா வையுங்க,” என்றார்.

சுருக்கினேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு, என் கணவரிடம் “அடுத்த தடவ நல்லெண்ணெய் ஊத்துங்க தம்பி, அது ஒறையாது,” என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிப்பது தெரிந்தது.

அதற்கு நேரம் கிடைக்கவில்லை. நாலைந்து நாளில் எண்ணெய் பட்ட ரப்பர் வளையங்கள் ஊதிப்போய், போர்டின் மேல் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. கணவர் சொன்னது போலவே ஒன்றும் பழுதாகவில்லை. இதை அவர் உம்மாவிடமும், என் தங்கையிடமும், பால் ஊற்ற வந்தவரிடமும் எடுத்துச் சொன்னார். ஆர்டர் போட்ட நீலத் திரவம் வந்ததும் குழாயில் விட்டோம். உள்ளே ஒட்டியிருந்த எண்ணெயோடு கலந்து பச்சைச் சட்னி மாதிரி ஆகிவிட்டது.

இப்போது குழாய் எல்லாம் கழற்றியாகிவிட்டது. சாதாரணக் காற்றாடிதான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் பெயின்ட் பிரஷ்ஷால் அதில் தூசி தட்டுவது கணவரின் வேலை. என்னைத் தொடவிடுவதில்லை.