ஞாயிறு எட்டு மணிக்குள் அடங்க வேண்டிய இரைச்சல்

சென்ற புதன்கிழமை, பிரிக்பீல்ட்ஸில் எனக்கு அடுத்த வீட்டில் வாழும் ரோசம்மாளின் மின்சாரத்தை நிறுத்தச் செய்தேன். அதற்காக இங்கே, உங்கள் முன்னிலையில் வருந்துகிறேன்.

காப்பாரில் வாழும் என் பள்ளித்தோழர் செல்வராசுவும் நானும் உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள். ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு வானலையில் உரையாடுவோம். தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் ஒரு மாதமாக அவர் பேசவில்லை. ஞாயிறு முதல் பேசலாம் என்று மருத்துவர் இசைந்துவிட்டார். முதற்பேச்சு என்னோடுதான் என்று அவர் எழுதியிருந்தார்.

குரல் மெலிந்திருக்கும். என் வானொலியிலோ காதைக் கிழிக்கும் இரைச்சல்!

ரோசம்மாள் வீட்டுக் குழல்விளக்கை ஐயுற்று, அணைக்கச் சொன்னேன். அவரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலியோரம் வியர்த்து நின்றார்.

"அங்கிள், ஃபேன் இல்லாம வேகுறேன். இன்னும் சத்தம் வருதா?"

"வருகிறது, அம்மா."

"அப்ப கள்ளன் உங்க வீட்லதான் லா! என் கார் பேட்டரியில உங்க ரேடியோவப் போட்டுப் பாருங்க. ஆனா சண்டே சர்ச்சுக்குப் போகணும், திருப்பித் தந்திடுங்க."

வானொலிக்கு மின்சாரம் தரும் என் மின்வழங்கியைக் கழற்றிவிட்டு, வானொலியை அந்த மின்கலத்தில் இணைத்தேன்... அமைதி! இரைச்சல் எங்கிருந்து வந்தாலும், நாம் முதலில் அணைக்கச் சொல்வது அடுத்த வீட்டு விளக்கைத்தானே?

பழைய மின்வழங்கி எரிந்துபோனதால் புதிதாக வாங்கிய பெட்டி அது. கணினிகளுக்குள் இருக்கும் வகை. கைக்கு இலேசு, ஆனால், நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி வழங்கும். ஒவ்வொரு வெட்டும் வானொலிக்கு ஓர் இரைச்சல்.

விடுவேனா? பாசார் சாலையில், இரைச்சலை வடிக்கும் மின்தேக்கிகள் வாங்கிப் பற்றவைத்தேன். பயனில்லை. பின்னால் வேறெதற்கேனும் உதவுமே என்று அவற்றின் கம்பிக்கால்களை வெட்டாமல் நீளமாக விட்டிருந்தேன் — என் சிக்கனம் அப்படி! நீண்ட கால்கள் இரைச்சலை வடியவிடா; வெள்ளியன்று ஒட்ட நறுக்கி, மின்கம்பி பெட்டியைவிட்டு வெளியேறும் இடத்திலேயே பொருத்தினேன். பாதி அடங்கியது. சனியன்று அக்கம்பியை, இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் எட்டுச் சுற்றுச் சுற்றினேன். இன்னும் ஒரு முனகல்...

பெட்டியை உற்றுப் பார்த்தேன். மூடிக்கும் உடலுக்கும் இடையே வண்ணப்பூச்சு. உலோகம் உலோகத்தைத் தொடவேயில்லை; அந்த இடுக்கு வழியேதான் இரைச்சல் கசிகிறது! சுரண்டினேன். இறுகத் திருகினேன். முனகலும் நின்றது.

ஞாயிறு காலை ரோசம்மாளின் காரில் மின்கலத்தைப் பூட்டிவிட்டு ஓடிவந்து அமர்ந்தபோது, எட்டு மணி கடந்து ஐந்து நிமிடம். நான் அழைத்ததும் வானொலியில் கரகரத்த, மெல்லிய குரல்:

"டேய்... ஒரு மாசமா வாய மூடிக்கிட்டு இருந்தவன இன்னும் அஞ்சு நிமிசம் காக்க வைக்கிறியே. நீயெல்லாம் மனுசனா லா?"

இத்தனை தெளிவாக என்னை எவரும் ஏசியதே இல்லை.