பாறை முட்டிய குழாய்

எண்ணெய்க் குழாய்க்கு அடிபட்டால் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். வேலையிடத்தில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். மண்ணுக்கடியில் ஊர் ஊராகப் போகும் இரும்புக் குழாய் எங்கே துருப்பிடித்திருக்கிறது, எங்கே நசுங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் தொழில். டம்ளர் நெளிந்தால்கூட அதைத் தூக்கிக் காட்டி, இது தாங்குமா என்று அக்கா வீட்டுக்காரர் அவளை வம்புக்கு இழுப்பார். பக்கவாதம் வந்து வாயும் ஒரு பக்கமும் விழுவதற்கு முன்பு, மனிதர் அப்படித்தான் இருந்தார்.

இந்த முறை நசுங்கல் அந்த அக்கா வீட்டுக்குப் பின்னால், மேட்டில் இருந்தது. குழாய்க்குள் ஓடவிட்ட கருவி காட்டிக்கொடுத்தது. அடியில் ஒரு பாறை முட்டி, குழாய் உள்வாங்கியிருந்தது. வெறும் பள்ளமென்றால் பயமில்லை. பள்ளத்தில் விரிசல் இருந்தால்தான் வினை, அது கருவிக்குப் பிடிபடவில்லை. தோண்டித்தான் பார்க்கவேண்டும். ஆனால் நசுக்கிய பாறையேதான் இத்தனை காலம் முட்டும் கொடுத்துவந்தது. அதை எடுத்தால் பள்ளம் வெளியே பிதுங்கும், விரிசல் இருந்தால் அங்கேயே வாய் பிளக்கும். தொட்டாலும் பயம், தொடாவிட்டாலும் பயம்.

எண்ணெயை நிறுத்திவிட்டுத் தோண்டலாம் என்றாள். மறுமுனையில் இருந்த மின்நிலையம் இந்த எண்ணெயை நம்பித்தான் ஓடியது. மேலாளர் கெட்டவரல்ல, அவரும் மேலிடத்தில் மன்றாடிப் பார்த்தார். கடைசியில் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கச் சம்மதித்தார்கள். விதிப்படி அது போதும். அவள் கணக்கும் ஏறக்குறைய அதையே சொன்னது. அந்த ஏறக்குறையதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

தோண்டுவதற்கு முன் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தன் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடியும்வரை இரண்டு பேரும் தன் வீட்டில் வந்து இருங்கள் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தாள். மூன்றாவது மாடிக்கு அவரை எப்படித் தூக்கிப்போவது, கட்டில் மாறினால் அவர் தூங்கவே மாட்டார் என்று அக்கா மறுத்தாள். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

“உடையுமா உடையாதா, அதச் சொல்லு.”

“தெரியலக்கா.”

“உனக்கே தெரியலன்னா, நான் எதுக்கு இவரப் போட்டு அலைக்கழிக்கணும்?”

உடையும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

தோண்டும்போது அவள் குழிக்கு மேலேயே நின்றாள். பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்தார்கள். கடைசித் துண்டு நகர்ந்ததும் குழாய் தகரம் தட்டியதுபோல் ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி மயிரிழை அகலத்தில் எண்ணெய் பீறிட்டது. ஆட்கள் சிதறி ஓடினார்கள். பம்புகளை உடனே நிறுத்தினார்கள், இருபுற வால்வுகளையும் மூடினார்கள். ஆனால் இடையில் இருந்த எண்ணெய் வடிந்துதானே ஆகவேண்டும்? அது சரிவில் இறங்கி அக்காவின் கிணற்றுக்கும் சமையலறைக்கும் போனதை, கையைப் பிசைந்துகொண்டு பார்க்கத்தான் அவளால் முடிந்தது.

நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. வேலையாட்கள் நாலு பேர் அக்கா வீட்டுக்காரரை மெத்தையோடு தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். நல்ல கையால் அவர் நிலைக்கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாய் குழறியது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தது அவள்தான்.

எல்லோரும் விதிப்படியே நடந்திருக்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. மேலாளர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

இப்போது அவர்கள் மூன்றாவது மாடியில் அவளோடு இருக்கிறார்கள். அக்கா அவளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். தரையிலிருந்து இன்னும் எண்ணெய் கசிகிறது, இனி அந்த வீட்டில் குடியிருக்க முடியாது என்று அவள் சொன்னபோதும், அக்கா துவைத்த போர்வையை மடித்தபடியே, “அவர்கிட்ட சொல்லாத. வீடு சரியானதும் போகலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றாள்.