மூன்றாவது வழியனுப்பு

பஸ் மாறப் பெரம்பலூரில் இறங்குகிறேன். தாலுகா ஆபீஸ் வாசலில் கழுத்து நிறைய மாலையோடு ஒருவர். சுற்றிலும் லப்பைக்குடிக்காட்டுச் சொந்தங்கள் இருபது பேர், ஒரே சிரிப்பு.

"கல்யாணமாங்க?" என்கிறேன்.

"துபாய்ப் பயணங்க! தாசில்தார் கையெழுத்து வாங்கிட்டு அப்படியே பம்பாய் ரயிலு. ரெண்டு தடவை துஆ ஓதி அனுப்புனாங்க, ரெண்டு தடவையும் இந்த ஆபீஸ்ல ஸ்ட்ரைக்கு. வூட்டுக்கே திரும்பிட்டேன். விசா இந்த மாசத்தோட முடியுது!"

வழிக்குக் கட்டிய பிரியாணியை இரண்டு முறையும் வாசலில் கோஷம் போட்ட ஊழியர்களே தின்று தீர்த்தார்களாம்.

உள்ளேயிருந்து குமாஸ்தா எட்டிப் பார்க்கிறார். "ஸ்ட்ரைக் முடிஞ்சுது பாய், வாங்க!"

இருபது பேரும் கைதட்டிக் குதிக்கிறார்கள். அவர் மனைவி மட்டும் பிரியாணித் தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "அப்ப இன்னைக்கு நெசமாவே போறீங்களா?"